மடக்கிய கையும் நீட்டிய கையும்

(திருவைகுண்டத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழைத் தோட்டத்திலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் பகலெல்லாம் உழைத்த களைப்போடு, வீட்டில் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள்முன் அடுக்குமொழி பேசிப் பொழுதைக் கழிப்பது முறையன்று. நேராகவே செய்திக்கு வருகின்றேன்.

நம் கூட்டங்களில் உரை முடிந்தபின் ஒரு கேள்வி தவறாமல் எழும். “ஐயா, நீங்கள் சொல்வன எல்லாம் சரி. ஆனால் ஆட்சி அவர்கள் கையில் உள்ளது. பணம் அவர்கள் கையில் உள்ளது. செய்தித்தாளும் அவர்கள் கையில் உள்ளது. அன்றாடங் கூலிக்குப் போகின்ற எங்களால் என்ன ஆகும்?” இக்கேள்வியைக் கேட்பவன் கோழையல்லன், தன் வீட்டு அடுப்பை எண்ணிப் பார்த்துக் கேட்கின்றான். அவனுக்கு விடை சொல்ல உருசியாவிற்கோ பிரான்சிற்கோ போக வேண்டுவதில்லை. பேருந்தேறிப் போனால் வந்துவிடுகின்ற தூத்துக்குடியே போதும்.

வ.உ. சிதம்பரனார் கப்பல் ஓட்டிய கதையை நீங்கள் எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 1906 அகுத்தோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்ற சுதேசி நாவாய்க் குழுமம், பத்து நூறாயிரம் உருபா முதலும் பங்கொன்று 25 உருபாவாக 40,000 பங்கும் கொண்டு எழுந்தது. வெள்ளையன் குழுமமோ, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, ஏறுபவர்க்குக் குடையும் இலவயமாகத் தருவதாகச் சொல்லி அதை வீழ்த்தப் பார்த்தது. அந்தக் கதையை இன்று நான் விரிக்கப் போவதில்லை. கப்பலைவிட எனக்கு வியப்பைத் தருவது, அதே ஊரில் அதே ஆட்களின் நடுவில் 1908இல் நடந்த வேறொன்று.

தூத்துக்குடியில் ஆர்வி உடன்பிறந்தாரின் கோரல் நூற்பாலை இருந்தது. விடியுமுன் உள்ளே போய் இருட்டியபின் வெளியே வருகின்ற வேலை. சிறுவர்களும் அதில் அடக்கம். கிழமைக்கொரு நாள் ஓய்வு என்பது கேட்டறியாத செய்தி. கூலியோ அரைவயிற்றுக்கும் போதாது. அந்த ஆண்டு பிப்பிரவரியில் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் நாடோறும் பேசினார்கள். கேட்க வந்தவர்களில் ஆலைக் கூலியாள்கள் மிகுதி. பிப்பிரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டவை மூன்று: கூலியுயர்வு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, தேவைப்படும் பொழுது விடுப்பு.

எண்ணிப் பாருங்கள்! தொழிற்சங்கம் என்னும் சொல்லே அந்நாளில் நம் மக்களுக்குத் தெரியாது. சென்னையில் முறைப்படியான முதல் தொழிலாளர் சங்கம் எழுந்ததே 1918 ஏப்பிரலில்தான், திரு.வி.க. போன்றோர் அதற்குத் தோள் கொடுத்தனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, சங்கமும் இல்லாமல், சேமிப்பும் இல்லாமல், அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்பதும் தெரியாமல், ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வெளியே வந்து நின்றனர். அன்றைக்குக் கூலி பெற்றால் அன்றைக்கு அடுப்பெரியும் வீடுகள் அவை. இரண்டு நாளில் அவர்கள் வயிறே அவர்களைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும் என்று முதலாளி கணக்கிட்டிருந்தால், அக்கணக்கில் தவறு சொல்வதற்கில்லை.

அக்கணக்கைப் பொய்யாக்கியது மேடைப் பேச்சன்று. ஊர் பொங்கிப் போட்ட சோறு. தூத்துக்குடி மக்கள் பணம் திரட்டினார்கள். வேலை நிறுத்தியவர்க்கு உணவளித்தார்கள். சிதம்பரனார் தம் கைப்பொருளையும் போட்டு, பலருக்கு நகரில் வேறு வேலை தேடிக் கொடுத்தார். தலைவர் என்பவர் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் கருதுகின்றேன். ‘வெளியே வா’ என்று சொன்னவர், வந்தவன் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்றும் பார்த்தார்.

சோறு போட்டதோடு ஊர் நிற்கவில்லை. வணிகர் சிலர் வெள்ளையர்க்குப் பண்டம் விற்க மறுத்தனர். குதிரைவண்டிக்காரர்கள், போராட்டத்தைப் பழித்தவர்களை வண்டியில் ஏற்ற மறுத்தனர். வண்ணார்கள் அவர்தம் துணியைத் தொட மறுத்தனர். முடிமழிக்கும் தொழிலாளர் செய்ததோ, அவ்வூரில் இன்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. வழக்கறிஞர் ஒருவர் முகம் மழித்துக்கொள்ள அமர்ந்திருக்கின்றார். பாதி மழித்தாயிற்று. பேச்சுவாக்கில், அவர் போராட்டக்காரர்க்கு எதிரானவர் என்பது தெரிகின்றது. கேட்டதற்கு, ‘அது உனக்கெதற்கு?’ என்கின்றார். ‘அப்படியானால் எஞ்சிய பாதி எனக்கெதற்கு?’ என்று கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான் அவன். ஊர் முழுதும் ஓர் ஆளும் அந்த மீதியை மழிக்க முன்வரவில்லை. பாதி முகத்தோடு அவர் தொடர்வண்டியேறித் திருநெல்வேலிக்குப் போனார் என்பது கதை.

சிரிக்கின்றீர்கள், சிரிக்கத்தக்க செய்திதான். ஆனால் அந்தக் கத்தியைப் பிடித்திருந்தவன் யார் என்று ஒருகணம் நினையுங்கள். ஊர்க்கோடியில் குடியிருந்தவன், திண்ணையில் ஏறவும் இசைவில்லாதவன், கதிரறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நின்று, கொடுத்த நெல்லை வாங்கிக்கொண்டு போனவன். நம் நெல்லைச் சீமையில் அவனுக்கு வழங்கிய பெயர் என்ன? ‘குடிமகன்’. ஊர்க்குடிகளுக்கு ஊழியம் செய்பவன் என்று தாழ்த்தி இட்ட பெயர் அது. இன்றோ, நாட்டின் உரிமை முழுவதும் உடையவனைக் குறிக்க அதே சொல்லை நாம் வழங்குகின்றோம். ஒரு சொல் இவ்வாறு ஏற்றம் பெறுவதற்கு அகரமுதலியில் பொருள் எழுதுவோர் மட்டும் போதமாட்டார்கள். தூத்துக்குடித் தெருவில் அவன் கத்தியை மடக்கிய அந்த வேளையில் ‘குடிமகன்’ என்பதன் பழைய பொருளும் புதிய பொருளும் ஓராளிடத்தில் வந்து சேர்ந்தன. தமிழ்ச் சொல்லுக்காகப் பாடுபடும் நாம் இதைக் கருத்தில் வைக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழிந்தது. முதலாளியர் இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது; வேலை நேரம் குறைந்தது; ஞாயிறு ஓய்வும் கிடைத்தது. அவ்வூரின் பிற வெள்ளையர் குழுமங்களில் வேலை செய்தவர்களுக்கும் அதன் பயன் எட்டியது. வங்கத்தில் அரவிந்தரின் இதழ் அவ்வெற்றியைப் பாராட்டி எழுதியது.

ஆனால் நான் மிகப் பெரியதாகக் கருதுவது அதற்கடுத்த கிழமை நடந்ததையே. மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் பதுமநாப ஐயங்காரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாளே கோரல் ஆலை மீண்டும் நின்றது. இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை, விடுப்புக் கேட்கவில்லை. கேட்டவையெல்லாம் சென்ற கிழமைதான் கிடைத்திருந்தன. வேலையை விட்டால் அவையும் போய்விடக்கூடும். தெரிந்தே நிறுத்தினார்கள். தமக்காகப் பேசியவரைச் சிறையில் வைத்துவிட்டு நாம் நூல் நூற்பதா என்னும் ஒரே எண்ணம்! திலகர்க்காகப் பம்பாய் ஆலைகள் நின்றது அவ்வாண்டு சூலையில். நம் தூத்துக்குடி அதற்கு நான்கு திங்கள் முந்தியது. கடைகள் அடைத்தன. வண்டிக்காரர், மழிப்புத் தொழிலாளர், வண்ணார், இறைச்சிக் கடைக்காரர், நகராட்சித் துப்புரவாளர் வரையில் அனைவரும் நிறுத்தினர்.

திருநெல்வேலியிலும் மார்ச்சு 13ஆம் நாள் மக்கள் தெருவிற்கு வந்தனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். சிதம்பரனார்க்கு நாம் சிலை வைத்திருக்கின்றோம், துறைமுகத்திற்கும் அவர் பெயரை வைத்திருக்கின்றோம், வைக்கத்தான் வேண்டும். அந்த நால்வர் பெயரை இக்கூட்டத்தில் எத்தனை பேர் சொல்வீர்கள்? நான் உங்களைக் குறைகூறவில்லை. நம் வரலாறு எழுதப்பட்ட வகை அப்படி. பின்னர் இரு நகர்களிலும் தண்டக் காவற்படையை நிறுத்தி, அதன் செலவை மக்கள் தலையிலேயே வரியாக ஏற்றியது வெள்ளையன் அரசு.

இனி, கசப்பான பகுதியையும் சொல்லாமல் விடக்கூடாது. அத்துணைப் பெரிய தீ ஏன் அணைந்தது? 1911இல் கப்பல் குழுமம் மூடப்பட்டது. இரட்டை வாழ்நாள் தண்டனை பெற்றுப் பின் மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 திசம்பரில் சிதம்பரனார் வெளியே வந்தபொழுது, வரவேற்கச் சிறை வாயிலில் திரண்ட கூட்டம் ஏதும் இல்லை. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைவர்களைத் தூக்கிய அன்றே, சோறு திரட்டவும் செய்தி சொல்லவும் வழக்கு நடத்தவும் தெருத்தெருவாக ஆள் இல்லாமற் போயிற்று. எல்லாம் ஓரிருவர் தோளில் நின்றது. தோள் சிறைக்குள் போனதும் சுமை கீழே விழுந்தது. இதில் நம் இயக்கத்திற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாமும் மாநாடு கூட்டுகின்றோம், இதழ் நடத்துகின்றோம், தீர்மானம் இயற்றுகின்றோம். ஆனால் நமக்காக ஒன்பது நாள் உலை வைக்க எந்தத் தெருவில் எத்தனை வீடு இருக்கின்றது? விடை சொல்லத் தயங்குகின்றோம் அல்லமோ?

அதே தூத்துக்குடி, எண்பத்தாறு ஆண்டு கழித்து, வேறொரு வகையில் இக்கேள்விக்கு விடை தேடியது. மராட்டியத்து இரத்தினகிரியில் அவ்வூர் மக்களின் எதிர்ப்பால் 1993இல் விரட்டப்பட்ட செப்பு உருக்காலைக்கு, 1994 அகுத்தோபரில் இங்கே கால்கோள் விழா எடுத்தனர். அதுதான் இசுடெர்லைட்டு. 1996இல் தாதேற்றி வந்த கப்பலை மீனவர்கள் தம் படகுகளால் சூழ்ந்து மறித்தனர். ஆலை எழுந்தது, ஆனால் எதிர்ப்பும் படுக்கவில்லை. 2010 செபுதம்பரில் சென்னை உயர்வழக்குமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் நச்சுவளி பரவி ஊர் மூச்சுத் திணறியது. அடுத்த திங்களே உச்ச வழக்குமன்றம், 100 கோடி உருபா இழப்பீடு கட்டச் சொல்லி, ஆலையை நடத்த வழிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் சளைத்துப் போகாதிருப்பதே ஒரு பெரும் வேலை.

2018 பிப்பிரவரி 12ஆம் நாள் அ. குமரெட்டியாபுரம் என்னும் சிற்றூரில், ஆலையை விரிவாக்கக் கூடாதென்று ஊரார் வேப்பமரத்தடியில் அமர்ந்தனர். பெண்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டுக் குழந்தைகளோடு வந்து அமர்ந்தனர். பெயர்பெற்ற தலைவர் எவரும் அவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. மார்ச்சு 24ஆம் நாள் தூத்துக்குடிக் கடைகள் அடைத்தன. படகுகள் கடலுக்குப் போகவில்லை. நகரே திரண்டு வந்தது. நூறாம் நாளான மே 22இல் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. பதின்மூவர் மாண்டனர்; அவர்களுள் பதினேழு அகவைப் பெண்ணொருத்தியும் இருந்தாள். மே 28ஆம் நாள் ஆலையை மூடும் ஆணை பிறந்தது. அவ்வாணையை 2020 ஆகத்தில் உயர்வழக்குமன்றம் உறுதி செய்தது. 2024 பிப்பிரவரி 29இல் உச்ச வழக்குமன்றமும் ஆலையாரின் முறையீட்டைத் தள்ளியது. அருணா செகதீசன் உசாவல் ஆணையம், சுடுவதற்கான தேவை எழாமலேயே சுட்டார்கள் என்று கண்டு, காவல் அலுவலர்கள்மீதும் அன்றைய ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அவ்வறிக்கை 2022 அகுத்தோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்றது.

ஆலை மூடியதால் வேலையிழந்த கூலியாள்களும் சரக்குந்து ஓட்டிகளும் இருக்கின்றனர். அவர்களும் நம் மக்களே. அவர்களைப் பகைவரின் ஆட்கள் என்று பேசுவோர் நம் மேடையிலும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. 1908இல் ஆலையை விட்டு வந்தவர்க்கு வேறு வேலை தேடித் தந்த சிதம்பரனார், இன்றிருந்தால் இவர்களையும் தேடிப் போயிருப்பார்.

நம்மவர் மறுக்க மட்டும் தெரிந்தவர்கள் என்று எவரும் நினைக்க வேண்டா. 2023 திசம்பர் 17ஆம் நாள் இரவை இவ்வூரார் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய அந்த இரவில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, நம் திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு பயணியர். சுற்றிலும் நீர். அரசின் உதவி வந்து சேர இரண்டு இரவுகள் ஆயின. அதுவரை அவர்களுக்குச் சோறு பொங்கியது யார்? பக்கத்துப் புதுக்குடி மக்கள். தம் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்த நிலையில், கையிலிருந்த அரிசியையும் பருப்பையும் திரட்டி, ஊர்க்கோயிலில் உலை வைத்தார்கள். வண்டியிலிருந்தவன் எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த ஊர் என்று எவரும் கேட்டதில்லை.

1908இல் தூத்துக்குடி போட்ட சோறும் இதுவும் ஒன்றே என்பேன். வெள்ளத்தில் இரண்டு நாள் எண்ணூறு பேர்க்குப் பொங்கத் தெரிந்த ஊர், போராட்டத்தில் ஒன்பது நாள் நூறு வீட்டுக்குப் பொங்கமாட்டாதா? அரிசி இருக்கின்றது, அடுப்பு இருக்கின்றது, பொங்கும் கைகளும் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் கூடுகின்ற கைகளை, வெள்ளம் வடிந்த பின்னும் கூட்டி வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அவ்வேலை இவ்வூர்க்கு உடனடியாகத் தேவைப்படுகின்றது. பொருநையின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு உங்களுடையது. வடகாலும் தென்காலும் இங்கிருந்துதான் பிரிகின்றன. மேலே யார் எதைக் கலந்தாலும், எவ்வளவு எடுத்தாலும், இழப்பு முதலில் தெரிவது உங்கள் வயலில். அணைக்குள் பல்லாண்டு தூர் மேடிட்டது. ஆலைகளுக்கென்று இங்கிருந்தே குழாயில் நீர் போயிற்று. ஆற்று மணலோ சரக்குந்துகளில் போயிற்று.

மணலைத் தடுத்தவர் யார்? இதே திருவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு. அவர் பொதுவுடைமைக்காரர், நமக்கும் அவர் கட்சிக்கும் கொள்கை வேறுபாடு உண்டு, அதற்காக உள்ளதைச் சொல்லாமல் விட முடியாது. எண்பதைக் கடந்த அகவையில், உயர்வழக்குமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே நின்று வாதிட்டார். 2010 திசம்பரில் பொருநையில் மணல் அள்ளத் தடையாணை வந்தது. பின்னர் அணையைத் தூர்வாரப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டதும் வழக்குத் தொடுத்ததன் பயனே. ஆனால் தூரெடுக்கும் பெயரில் மணல் போகின்றது என்ற குற்றச்சாட்டு அப்பொழுதே எழுந்தது. உழவர்கள் போராட நேர்ந்தது. ஆணை வாங்குவது ஒருநாள் வேலை. அதைக் காப்பது நாடோறும் ஆற்றங்கரையில் நடக்கின்றவன் வேலை. நெல்லை நகரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதைப் பற்றிய வழக்கிலும் அப்படியே. 2024 நவம்பரில் நடுவர்கள் இருவர் நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். நடுவர் நாள்தோறும் வரமாட்டார்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. கைதட்டலோடு கலைந்து போகாதீர்கள். ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்திருப்போர், ஊருக்கு மூவர் வீதம், மேடையின் இடப்பக்கம் இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதுங்கள். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எந்தப் படித்துறையில் கழிவு கலக்கின்றது, எந்த இடத்தில் இரவில் சரக்குந்து இறங்குகின்றது, எந்த மடை எத்தனை நாள் வறண்டது என்பதை நாள் குறித்து எழுதி வையுங்கள். அடுத்த திங்கள் முதல் ஞாயிறன்று நாங்கள் மீண்டும் வருகின்றோம். அன்றைக்கு நான் பேச மாட்டேன். நீங்கள் எழுதியவற்றைப் படிப்பீர்கள், நான் கேட்பேன்.